கோடாங்கியின் கடன்: மேசை விளையாட்டில் மந்திரத்துக்கு விதி எழுதுவது

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் நண்பர்கள் ஐந்து பேர் கூடி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை நடத்தி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் என்ற விளையாட்டிலிருந்து எடுத்தவை. கதைக்களம் உங்களுடையது: வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. கதையை நடத்துபவர் நீங்கள். மற்ற நால்வரில் ஒருவர் உடுக்கை அடித்துச் சாமியை அழைக்கும் கோடாங்கி, ஒருவர் இரவுக் காவல்காரர், ஒருவர் மருத்துவிச்சி, இன்னொருவர் தொழிற்சாலை எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர். எந்தச் சிக்கல் வந்தாலும் கோடாங்கி ஒரு மந்திரத்தால் முடித்துவிடுகிறார், மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கிறார்கள் என்பது உங்கள் முறைப்பாடு. கோடாங்கியாக ஆடுபவருக்கும் ஒரு குறை இருக்கிறது. "சாமி ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் வருமா?" என்று கேட்கிறார். இரண்டையும் தீர்க்கும்படி மந்திரத்துக்குப் புது விதி எழுதுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த நண்பரின் குறையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் முறைப்பாட்டுக்கும் விடை அங்கேதான் கிடக்கிறது.

'ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்' என்ற கணக்கு போர் விளையாட்டிலிருந்து வந்தது. 1971இல் கேரி கைகேக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட செயின்மெயில் என்ற பொம்மைப் படை விளையாட்டில், கற்பனைப் பாத்திரங்களுக்காக ஒரு பின்னிணைப்பு இருந்தது. அதில் மந்திரவாதி எறியும் நெருப்புப் பந்து, கல் எறியும் பெரிய கவண்பொறியின் விதிப்படி விழும். மின்னல் பீரங்கியின் விதிப்படி பாயும். 1974இல் கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸை வெளியிட்டபோது அந்த மந்திரவாதி அப்படியே உள்ளே வந்தார். அவருடைய மந்திரத்துக்கு ஒரு கணக்கு தேவைப்பட்டது. ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட கதைகளில் வரும் மந்திரவாதிகள் ஒரு மந்திரத்தை முயன்று மனப்பாடம் செய்வார்கள். சொன்ன மறுகணம் அது மனதிலிருந்து அழிந்துவிடும். கைகேக்ஸ் அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டார். படைக்கலத்தில் குண்டு எண்ணுவது போல மந்திரத்தை எண்ணும் முறை அப்படி உருவானது. பீரங்கியாக நிற்கும் மந்திரவாதிக்கு அது பொருந்தும். உடுக்கை எடுத்து அடித்து, வியர்த்து, வருந்தி அழைத்தும் சில வேளை சாமி இறங்காமல் போகும் கோடாங்கிக்கு அது எப்படிப் பொருந்தும்? உங்கள் நண்பருக்கு உறுத்தியது இந்தப் பொருத்தமின்மைதான்.

இனி, கோடாங்கி ஏன் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார் என்பது. நீங்கள் ஆடுவது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் முதல் நிலை மந்திரவாதிக்கு 2 ஸ்லாட், அதாவது இரண்டு முறை மந்திரம் போடும் வாய்ப்பு; ஐந்தாம் நிலையில் 9. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தால் எல்லாம் திரும்ப நிரம்பிவிடும். அந்தப் பதிப்பின் வழிகாட்டி நூல், கதைக்குள் ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மோதல்களை ஒரு குழுவால் தாங்க முடியும் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஒன்பதை எட்டுக்குப் பங்கிட வேண்டியிருந்தால் மந்திரவாதி ஒவ்வொரு முறையும் தயங்குவார், மற்றவர்களுக்கு வேலை இருக்கும். உங்கள் ஆட்டத்தில் ஓர் இரவுக்கு ஒரு சிறுத்தை, ஓர் ஆவி, பிறகு எல்லோரும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பித் தூங்கிவிடுகிறார்கள். அவர் எதற்காகத் தயங்க வேண்டும்? அதே வழிகாட்டி நூலில் இதற்கு ஒரு மாற்று விதியும் இருக்கிறது: எட்டு மணித்தியால ஓய்வைச் சிற்றோய்வாகவும், ஏழு நாள் ஓய்வைப் பேரோய்வாகவும் வைத்துக்கொள்வது. இந்த வாரமே ஆட்டம் நடத்த வேண்டியிருந்தால் இதை மட்டும் மாற்றுங்கள். பாதிச் சிக்கல் அடங்கிவிடும்.

மீதிப் பாதி அடங்காது. மந்திரத்தின் எண்ணிக்கையைக் குறைத்தாலும், மந்திரம் செய்யக்கூடிய காரியங்களின் பட்டியல் மாறுவதில்லை. குட்பெரி என்ற முதல் நிலை மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்லாட் செலவழித்தால் பத்துப் பழங்கள் கையில் வரும்; ஒரு பழம் ஓர் ஆளுக்கு ஒரு நாள் உணவு. நிலவறையில் புதையல் தேடும் கதையில் அதனால் பெரிய கேடு இல்லை. அரிசியைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அளந்து போடும் தோட்டத்தில் பத்துப் பேர் பசியை ஒருவர் தினமும் ஆற்ற முடியுமென்றால், உங்கள் கதையின் முதுகெலும்பு அன்றே முறிந்துவிடும். பூட்டைத் திறக்கும் நாக் மந்திரமும் அப்படித்தான், ஆனால் அதில் விதி எழுதியவர்களின் கவனம் தெரிகிறது: திறக்கும்போது எழும் சத்தம் 300 அடி தூரம் கேட்கும். ஓசைப்படாமல் திறக்கத் தெரிந்தவருக்கு அங்கே இன்னும் இடம் இருக்கிறது. எனவே மந்திரம் என்ன செய்யும் என்று எழுதுவதற்கு முன், உங்கள் கதை எதனால் இறுக்கமாக நிற்கிறதோ அதை மந்திரம் தொடக் கூடாது என்று எழுதி வையுங்கள். உங்கள் கதைக்கு அவை அரிசி, நோய், துரையின் உத்தரவு மூன்றும் என்று நினைக்கிறேன்.

விதி எழுதும்போது நான் விடாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: மந்திரம் போடும் அந்த நொடியில், ஆடுபவர் எதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது? ஸ்லாட் முறையில் பெரும்பாலான தீர்மானம் காலையிலேயே முடிந்துவிடுகிறது. கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் வெளியிட்ட டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸில் மந்திரம் போடுபவரின் உடல்வலுப் புள்ளிகள் குறையும். அங்கே தீர்மானம் 'இன்னும் எவ்வளவு தாங்குவேன்' என்பது. 1981இல் வந்த கால் ஆஃப் துலுவில் மந்திரம் புத்தித் தெளிவைத் தின்னும். 'இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா' என்று ஆடுபவர் தயங்குவார். 2012இல் வந்த டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் பகடை உருட்ட வேண்டும். பிசகினால் மந்திரவாதியின் உடலே கோரமாக மாறக்கூடும். ஆடுபவர் சுவைத்து உணர்வது இந்தத் தயக்கத்தைத்தான். அதை முதலில் தீர்மானித்துவிட்டால் மந்திரப் பட்டியல் பின்னால் தானே வரும்.

உங்கள் கோடாங்கிக்கு மந்திரப் பட்டியலே வேண்டாம் என்பேன். 1987இல் ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரெய்ன்-ஹேகனும் வெளியிட்ட ஆர்ஸ் மேஜிகாவில் ஐந்து வினைகளும் பத்துப் பொருள்களும் இருக்கின்றன. படை, அறி, மாற்று, அழி, ஆள் என்பவை வினைகள். நீர், நெருப்பு, உடல், மனம் போன்றவை பொருள்கள். ஒரு வினையையும் ஒரு பொருளையும் சேர்த்து ஆடுபவர் தன் மந்திரத்தைத் தானே கட்டுகிறார். இந்த அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், வினைகளை நம் மரபிலிருந்து வையுங்கள். மாந்திரீக நூல்கள் சொல்லும் எட்டுக் கருமங்கள் இருக்கின்றனவே: வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், பேதனம், வித்துவேடணம், மாரணம். தன் பக்கம் திருப்புவது, மயக்குவது, அசையாமல் நிறுத்துவது, விரட்டுவது, இழுத்து வரவழைப்பது, மனதைப் பிரிப்பது, பகை மூட்டுவது, கொல்வது. பொருள்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள்: மனிதர், விலங்கு, செடிகொடி, நீர், நெருப்பு, காற்றும் மூடுபனியும், மண்ணும் கல்லும், இரும்பு, ஆவி. எட்டும் ஒன்பதும் பெருக்கினால் 72 கூட்டுகள். ஒரு கொப்பித் தாளில் கட்டம் போட்டு அடக்கிவிடலாம்.

இந்த எட்டில் எவை இல்லை என்பதைக் கவனியுங்கள். 'படைத்தல்' இல்லை. அரிசியை வெறுங்கையில் உண்டாக்க முடியாது. ஆகர்ஷணத்தால் இழுத்து வரவழைக்கலாம், ஆனால் இழுத்தால் அது எங்கிருந்தோ குறையும்: துரையின் ஸ்டோரில் ஒரு மூட்டை காணாமல் போகும், காலையில் கணக்கப்பிள்ளை தொழிலாளர்களை வரிசையில் நிறுத்துவார், பழி யார் மேலாவது விழும். 'குணப்படுத்துதல்' இல்லை. நோயை ஏவிய ஆவி இருந்தால் உச்சாடனத்தால் விரட்டலாம்; ஆவி இல்லாத காய்ச்சலுக்கு மருத்துவிச்சியிடம்தான் போக வேண்டும். 'அறிதல்' இல்லை. குறி கேட்பது தனிச் சடங்கு, அதைப் பின்னால் சொல்கிறேன். தடை விதிகளைத் தனியாக எழுதி ஆடுபவரோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவையே இல்லாமல், எட்டு வினைகளின் எல்லையே உங்கள் கதையைக் காத்துவிடுகிறது. இதனால்தான் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தொடக்கத்தில் கோடாங்கிக்கு மூன்று வினைகளை மட்டும் கொடுங்கள். தம்பனமும் உச்சாடனமும் கட்டாயம் இருக்கட்டும், மூன்றாவதை அவர் தேர்ந்தெடுக்கட்டும். மாரணத்தை எந்த ஆடுபவரின் கையிலும் கொடுக்காதீர்கள். அது எதிராளியிடம் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பயம் இருக்கும்.

அடுத்தது பகடை. இருபது முகப் பகடையை மறந்துவிடுங்கள். லூடோப் பெட்டியில் வரும் ஆறு முகப் பகடை எந்தக் கடையிலும் கிடைக்கும், கணக்கும் அதில் தெளிவாக இருக்கும். விதி இதுதான். கோடாங்கி மந்திரம் போடும்போது தனக்கென ஒரு பகடை எடுக்கிறார். மற்றவர்களில் யார் விரும்பினாலும் அந்தச் சடங்கில் கைகொடுத்துத் தங்கள் பகடை ஒன்றைச் சேர்க்கலாம்: ஒருவர் தப்பு என்ற பறையை அடிக்கிறார், ஒருவர் விளக்குப் பிடிக்கிறார், ஒருவர் படையல் வைக்கிறார். கைகொடுப்பவர் அந்தச் சுற்றில் வேறெதுவும் செய்ய முடியாது. ஒவ்வொருவரின் பகடையும் வேறு நிறத்தில் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக உருட்டுங்கள். மிக உயர்ந்த எண் 5 அல்லது 6 என்றால் நினைத்தது முழுதாக நடக்கிறது. 3 அல்லது 4 என்றால் பாதி நடக்கிறது. அதற்கும் கீழே என்றால் சாமி இறங்கவில்லை. எந்தப் பகடையிலாவது 1 விழுந்தால், மந்திரம் பலித்தாலும் பலிக்காவிட்டாலும், அந்தப் பகடைக்கு உரியவர் சாமிக்கு ஒரு கடன் படுகிறார்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பகடையில் முழுப்பலன் கிடைக்கும் வாய்ப்பு 33 வீதம். இரண்டில் 56, மூன்றில் 70, நான்கில் 80. யாருக்காவது கடன் விழும் வாய்ப்பு ஒரு பகடையில் 17 வீதம், இரண்டில் 31, மூன்றில் 42, நான்கில் 52. இரண்டாவது பகடையைச் சேர்க்கும்போது பலன் 22 புள்ளி ஏறுகிறது, கடன் 14 புள்ளிதான் ஏறுகிறது; சேர்ப்பது நல்லது. மூன்றாவதிலும் பலன் கொஞ்சம் முந்துகிறது. நான்காவதில் இரண்டும் ஏறத்தாழ 10 புள்ளி ஏறுகின்றன. நான்காவது ஆளை அழைக்கலாமா வேண்டாமா என்பதில் கணக்கு உங்களுக்கு உதவாது, மனம்தான் முடிவு செய்ய வேண்டும். தனியாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் முழுப்பலன் என்பதால் கோடாங்கி மற்றவர்களைத் திரும்பிப் பார்ப்பார். "எனக்காக நீ கடன்படுவாயா?" என்ற கேள்வி மேசையைச் சுற்றி எழும். மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. இதுதான் உங்கள் விளையாட்டின் தயக்கம்.

ஓர் உதாரணம் எழுதிக் காட்டுகிறேன். இரவு. மூடுபனி. கீழ் லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால் சிறுத்தை. நாயைத் தேடி வந்தது. இப்போது திண்ணையில் ஒரு பிள்ளை நிற்கிறது. கோடாங்கி தம்பனத்தையும் விலங்கையும் சேர்க்கிறார்: அசையாமல் நிறுத்த வேண்டும்.

"தம்பி, தப்பை எடு. நான் சொல்லும்வரை நிறுத்தாதே" என்கிறார்.

காவல்காரராக ஆடுபவர் தன் பச்சைப் பகடையை நடுவில் வைக்கிறார். "சரி மாமா. ஆனால் என் கையில் துப்பாக்கி இருக்காது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்."

மருத்துவிச்சி விளக்கைப் பிடித்துத் திருநீற்றுத் தட்டை நீட்டுகிறார். அவருடைய சிவப்புப் பகடையும் சேர்கிறது. எஞ்சின்காரர் தலையாட்டி மறுத்துவிடுகிறார்: "நான் பிள்ளையைத் தூக்கப் போகிறேன்."

மூன்று பகடைகள் உருள்கின்றன. சிவப்பில் 6, கோடாங்கியின் வெள்ளையில் 3, பச்சையில் 1. சிறுத்தை ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிறது. தப்பு ஒலிக்கும்வரைதான் நிற்கும். எஞ்சின்காரர் அதன் மூச்சு படும் தூரத்தில் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பிறகு நீங்கள் கோடாங்கி அழைத்த சாமியான முனியின் குரலில் காவல்காரரைப் பார்த்துச் சொல்கிறீர்கள்: "வருகிற செவ்வாய் இரவு நீ காவலுக்குப் போகக் கூடாது. என் மரத்தடியில் விடியும்வரை உட்கார்." காவலுக்குப் போகாவிட்டால் அன்றைய வேலைக் கணக்கில் பேர் விழாது, சம்பளம் வெட்டப்படும். அதோடு அந்த இரவு காவல் இல்லாத ஸ்டோரில் என்ன நடக்கும் என்பதும் இருக்கிறது. அடுத்த வார ஆட்டத்துக்கு நீங்கள் கதை தேட வேண்டியதில்லை. நான்கு பேருக்கும் அந்தக் காட்சியில் ஒரு வேலை இருந்தது என்பதையும் பாருங்கள். மறுத்தவருக்குத்தான் மிகத் துணிச்சலான வேலை கிடைத்தது.

கடனை மனக்கணக்கில் விடாதீர்கள். தாள் துண்டில் எழுதுங்கள்: யார், எந்தச் சாமிக்கு, என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள். அதை அவரவர் முன்னால் மேசையில் வைக்கட்டும். நிறைவேற்றியதும் கிழித்துவிடலாம். மலையகத்தாருக்கு இந்தத் துண்டு புதிதல்ல. நம் முன்னோர் முன்பணம் என்ற கடனோடுதான் தோட்டத்தில் கால்வைத்தார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டம் ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் ஆளோடு சேர்ந்து கைமாறியது. 1921இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. உங்கள் கதை அதற்கு முந்திய காலத்தில் நடப்பதால், மந்திரக் கடனுக்கும் அதே விதியை வையுங்கள்: ஒரு சாமியிடம் பட்ட கடனை இன்னொரு சக்தி கட்டிவிட்டுத் துண்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாரணம் தெரிந்த அந்த எதிராளி ஒரு நாள் காவல்காரரிடம் வந்து, "முனிக்கு நீ பட்ட கடனை நான் தீர்த்துவிட்டேன். இனி எனக்குச் செய்" என்று சொல்லட்டும். ஒரே சக்தியின் கையில் ஒருவருடைய மூன்று துண்டுகள் சேர்ந்துவிட்டால், அது கேட்காமலே அவர் மேல் இறங்கி ஒரு காட்சியில் அவருக்காக ஒரு முடிவை எடுக்கலாம்.

இந்த வரலாற்றை விளையாட்டில் சேர்ப்பது தகாது என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. கடன் ஒருவரை எப்படிக் கட்டிவைக்கும் என்பதை ஆளுக்கொரு தாளாக முன்னால் வைத்துப் பார்ப்பவர்கள் அந்த வரலாற்றை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் மேசையில் ஒருவருக்கேனும் மனம் ஒப்பவில்லையென்றால் மட்டும் கைமாறும் விதியை விட்டுவிடுங்கள். மற்றவை அது இல்லாமலும் நிற்கும்.

குறி கேட்பதைத் தனியாகச் சொல்கிறேன் என்றேன். ஆடுபவர் ஒருவரே மந்திரத்தால் உண்மையை அறிந்துவிட முடிந்தால் மர்மக் கதை எதுவும் நிற்காது. நம் வழக்கத்தில் இதற்கு அழகான விடை இருக்கிறது. சாமி இறங்கிவிட்டால் கோடாங்கி கேள்வி கேட்பதில்லை. வீட்டுப் பெரியவரோ, ஊரில் பொறுப்பானவரோ முன்னால் நின்று "யார் வந்திருப்பது? எங்கள் மேல் என்ன கோபம்?" என்று கேட்பார்கள். அதையே விதியாக்குங்கள். குறி கேட்கும்போது கோடாங்கியாக ஆடுபவர் பேசக் கூடாது. மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். சாமியாக நீங்கள் பதில் சொல்கிறீர்கள். பொய் சொல்லாதீர்கள், ஆனால் கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். கேள்வியைக் கூர்மையாகக் கேட்கத் தெரிந்தவருக்கு அன்று மதிப்பு. அந்த நேரத்தில் கோடாங்கியிடம் இருந்து எல்லோருடைய பார்வையும் கேள்வி கேட்பவர்களிடம் போய்விடும். கோடாங்கியாக ஆடுபவருக்கு அதில் குறை இருக்காது. உடலைக் கொடுத்தவர் அவர்தானே.

மற்ற மூவருக்கும் சொந்தமாகச் சிறு மந்திரம் ஒன்று வேண்டும். 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் இதைச் செய்தது: அங்கே மந்திரம் ஒரு சாராரின் சொத்து அல்ல, வாளேந்திய போர்வீரரும் தன் வாளைக் கூராக்கும் மந்திரத்தைத் தெரிந்து வைத்திருப்பார். தோட்டத்து வாழ்க்கையும் அப்படிப்பட்டதுதான். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு ரோதைமுனி என்ற சாமி உண்டு. தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டுக்கு இறங்குபவர்கள் கவ்வாத்துச்சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். ஆகவே எஞ்சின்காரருக்கு, கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டால் ஓர் இரவு மட்டும் அவர் கைபட்ட இரும்பு பழுதாகாது என்று கொடுங்கள். காவல்காரர் தன் தடியால் நிலத்தில் கோடு இழுத்தால், அதைத் தாண்டும் காலடி அவர் தூக்கத்திலும் கேட்கட்டும். மருத்துவிச்சி முதன்முதலில் கையில் ஏந்திய பிள்ளை எங்கே ஆபத்தில் இருந்தாலும் அவருக்கு உள்ளங்கை குளிரட்டும். இவற்றுக்குப் பகடையும் வேண்டாம், கடனும் வேண்டாம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறை போதும்.

சாமிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் கும்பிடும் தெய்வத்தின் பெயரை எடுத்து அதற்கு வலிமைப் புள்ளி எழுதாதீர்கள். மாரியம்மனுக்கு எத்தனை புள்ளி என்று எழுதிய தாளைப் பார்க்க எனக்கு மனம் வராது, உங்கள் வீட்டாருக்கும் வராது. உங்கள் தோட்டத்துக்கென்று சாமிகளைக் கற்பனை செய்யுங்கள். ரோதைமுனியின் இடத்திலும் அப்படி ஒரு பெயரை வையுங்கள். சாமி எதுவானாலும் அதற்கு விருப்பும் வெறுப்பும் இருக்கட்டும், எல்லையும் இருக்கட்டும். காவல் தெய்வம் தன் எல்லைக்குள்தான் காக்கும். மேற்பிரிவில் பலிக்கும் தம்பனம் ஆற்றைத் தாண்டினால் பலிக்காது, அங்கே வேறொரு சாமியிடம் புதிதாகப் பேச வேண்டும் என்று வைத்தால் உங்கள் வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு பாலத்துக்கும் பொருள் வந்துவிடும். எங்கிருந்து கற்பனையைத் தொடங்குவது என்று தெரியாவிட்டால், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தை நினைத்துப் பாருங்கள். வறட்சியில் நீர் இறங்கும்போது அங்கிருந்த கோயில் வெளியே தெரிகிறது. காலத்தால் அது உங்கள் கதைக்குப் பிந்தியது. ஆனாலும் நீர் இறங்கும் மாதங்களில் மட்டும் குரல் கேட்கும் ஒரு சாமியை அதிலிருந்து உருவாக்க உங்களுக்குத் தடையேதும் இல்லை.

மாசி மாதத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் தோட்டம் அருகில் இருந்தால், இம்முறை விதி எழுதுபவரின் கண்ணோடு போய்ப் பாருங்கள். ரதி, மதன் வேடம் கட்டுபவர்கள் முன்கூட்டியே விரதம் இருக்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போது தப்பு ஓயக் கூடாது. முடிந்த பிறகு நேர்த்தி தீர்க்க வேண்டியவர்கள் தீர்க்கிறார்கள். விலை மூன்று இடங்களில் கட்டப்படுகிறது: முன்னே, நடுவே, பின்னே. ஸ்லாட் முறையில் பின்னே என்ற ஒன்றே இல்லை. நான் மேலே சொன்ன முறையில் நடுவும் பின்னும் இருக்கின்றன. பெரிய சடங்குகளுக்கு முன்னேயும் ஒரு விலை வையுங்கள்: ஏழு நாள் விரதம் இருந்தால் கோடாங்கிக்கு அந்த ஒரு சடங்கில் மட்டும் ஒரு பகடையை மறுபடி உருட்டும் உரிமை. விரத நாள்களில் தோட்டத்து வேலை நிற்காது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் போக வேண்டும், உணவும் ஒரு வேளைதான். அந்த ஏழு நாளையும் நீங்கள் கதையாக நடத்த வேண்டும் என்பதால் ஆடுபவர் அதை அடிக்கடி கேட்க மாட்டார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். முதல் ஆட்டத்தில் தம்பனம் ஒன்று, பகடை விதி, துண்டுகள், இவை மட்டும் போதும். கோடாங்கியாக ஆடுபவரை விட்டுவிட்டு மற்ற மூவரைக் கவனியுங்கள். பகடையைச் சேர்க்கக் கேட்கும்போது அவர்கள் யோசிக்காமல் உடனே கொடுத்தால் கடன் இலேசாக இருக்கிறது. அடுத்த முறை சாமி இன்னும் கனமாகக் கேட்கட்டும். யாருமே கொடுக்காவிட்டால் கடன் மிஞ்சிவிட்டது. ஒரு துண்டைச் சாமியே மன்னித்துக் கிழிக்கும் காட்சி ஒன்றை வையுங்கள். ஒருவர் கொடுத்து, ஒருவர் மறுத்து, அதைப் பற்றி இருவரும் பாத்திரமாகவே வாக்குவாதப்பட்டால் அளவு சரியாக இருக்கிறது. அதன்பிறகு உச்சாடனத்தைச் சேர்க்கலாம்.